நின்ற நேரம்

“சைக்கிள்ல போனா கணக்குல வருமாம்மா?” என்று போனில் கேட்டேன்.

“எந்தக் கணக்குல?” என்றாள் அம்மா.

எந்தக் கணக்கு என்று அவளுக்குத் தெரியும். விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுப் பூஜை மாடத்தில், முருகன் படத்துக்குப் பின்னால், மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய் நாணயம் முப்பத்தொரு வருடமாக இருக்கிறது. குலதெய்வத்துக்கு முடிந்தால் குலதெய்வக் கோயில் உண்டியலில் போடுவோம், திருப்பதிக்கு முடிந்தால் திருப்பதியில். இந்த முடிப்பு வேளாங்கண்ணி மாதாவுக்கு.

எனக்கு நான்கு வயதில் மூளைக்காய்ச்சல். நினைவில் ஒன்றுமில்லை, சொல்லக் கேட்டதுதான். ஆறு நாள் கண் திறக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் பேத்தியை வைத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி, வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த எண்ணெயை என் நெற்றியில் தடவியிருக்கிறார். அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து அம்மா வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தால் நடந்தே வருகிறேன். ஏழாம் நாள் நான் தண்ணி கேட்டேனாம்.

அவள் நடக்கவில்லை. “நூத்தம்பது கிலோமீட்டர் நடந்து நீ படுத்துட்டா யாரு பாக்குறது?” என்று அப்பா சொல்லிவிட்டார். எனக்கு ஆறு வயதானபோது பஸ்ஸில் கூட்டிப்போய் மொட்டை போட்டார்கள். தலையில் சந்தனத்தோடு நான் அழுதுகொண்டிருக்கும் போட்டோ இன்னும் இருக்கிறது. அப்பாவைப் பொறுத்தவரை அதோடு முடிந்தது. அம்மா மட்டும் காசை உண்டியலில் போடாமல் திரும்பக் கொண்டுவந்துவிட்டாள். “பஸ்ல போனது போனதுதான். நடந்தது ஆகுமா?”

இப்போது அவளுக்கு அறுபத்திரண்டு. இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. மாடிப்படி ஏறவே கைப்பிடி வேண்டும். நானோ ஐந்து வருடமாக லீவு கிடைக்கும்போதெல்லாம் சைக்கிளில் பையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றுகிறவன். என் பெயரில் வாங்கிய கடன், கட்ட வேண்டியவளால் இனி கட்ட முடியாது. என்னால் முடியும். சாஃப்ட்வேர்காரனுக்கு இதைவிட எளிய பிரச்சினை கிடைக்காது என்று நினைத்தேன். யாரோ திறந்து, யாராலும் மூடப்படாமல் வருடக்கணக்கில் கிடக்கிற ஒரு டிக்கெட். எடுத்து மூடிவிட வேண்டியதுதான்.

“அந்தக் காச எடுத்துட்டுப் போயி நான் போட்டுர்றேன்மா.”

“அத நீ தொடாத. மெழுகுத்திரி வாங்கி ஏத்து, போதும்.” அடுத்த நிமிடம் ஜிபேயில் ஐம்பது ரூபாய் வந்து விழுந்தது.

*

செப்டம்பர் 5ஆம் தேதி விடியற்காலை நாலரை மணிக்குத் திருவான்மியூரிலிருந்து கிளம்பினேன். வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 கொடியேற்றத்தோடு தொடங்கி செப்டம்பர் 8, மாதாவின் பிறந்தநாளன்று முடியும். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. மூன்று நாளாகப் பிரித்திருந்தேன். முதல் நாள் புதுச்சேரி, இரண்டாம் நாள் தரங்கம்பாடி, மூன்றாம் நாள் மீதி.

இந்த மாதிரிப் பயணம் என்றாலே எங்கள் சைக்கிள் கூட்டத்தில் எல்லோரும் ஸ்பெயின் பற்றித்தான் பேசுவார்கள். சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுக்குப் போகும் பாதை. யாக்கோபின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் பேராலயத்துக்கு ஆயிரம் வருடத்துக்கும் மேலாக ஜனங்கள் நடக்கிறார்கள். வழி நெடுகத் தேவாலயங்கள், மடங்கள், பயணிகள் தங்குமிடங்கள், மஞ்சள் அம்புக்குறிகள். அங்கே விதி தெளிவாக எழுதியிருக்கிறது. நடப்பவர் குறைந்தது கடைசி 100 கிலோமீட்டர், சைக்கிளில் போகிறவர் கடைசி 200 கிலோமீட்டர். கையில் ஒரு அட்டை. வழியில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் அதில் முத்திரை வாங்க வேண்டும். கடைசியில் காட்டினால் லத்தீனில் பெயர் எழுதிச் சான்றிதழ் தருவார்கள்.

எனக்கு அந்த விதி ரொம்பப் பிடித்திருந்தது. ஒரு கிலோமீட்டர் நடைக்கு இரண்டு கிலோமீட்டர் சைக்கிள். அந்த விகிதப்படி பார்த்தால் அம்மாவின் நூற்றைம்பதுக்கு என் முந்நூறு சரியாகப் போய்விடும். மேலே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வட்டி. கல்பாக்கம் தாண்டும்போது இதை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டே மிதித்தேன்.

ஆனால் இந்தச் சாலையில் முத்திரை குத்த யாரும் இல்லை. மரக்காணம் உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன. மதியத்துக்கு மேல் கடல்காத்து குறுக்கே அடித்து சைக்கிளைச் சாலை நடுவுக்குத் தள்ளியது. முதல் நாள் நூற்றைம்பது கிலோமீட்டரில் நான் எதிர்பார்த்த காவி உடைக் கூட்டம் கண்ணில் படவேயில்லை. ஒரு டீக்கடையில் கேட்டபோது, “அவங்கல்லாம் போயி வாரமாச்சே சார், இப்ப சிதம்பரத்துக்கு அந்தாண்ட இருப்பாங்க” என்றார்கள். நடக்கிறவர்களுக்கு நாள் கணக்கு என்று ஒன்று இருப்பதையே நான் யோசித்திருக்கவில்லை.

சாயங்காலம் புதுச்சேரியில் குளித்துவிட்டு மிஷன் வீதிக்குப் போனேன். அமலோற்பவ அன்னைப் பேராலயத்தை ஊர்க்காரர்கள் சம்பா கோயில் என்கிறார்கள். சான் பவுல் திரிந்து சம்பா ஆனது என்பார்கள். இப்போது இருக்கிற கட்டிடம் 1791ஆம் வருடத்தது. அதற்கு முன்பும் அங்கே தேவாலயம் இருந்தது, அதன் அருகிலேயே வேதபுரீசுவரர் கோயிலும் இருந்தது. 1748இல், துய்ப்ளேக்ஸ் ஆட்சியில், அந்தக் கோயில் இடிக்கப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பிறகு வேதபுரீசுவரருக்கு வேறு இடத்தில் கோயில் எழும்பியது. பேராலயத்தின் படியில் உட்கார்ந்து காலை நீவிக்கொண்டிருந்தபோது எனக்குப் பக்கத்தில் நெற்றியில் குங்குமத்தோடு ஒரு பெண் கையில் மெழுகுத்திரியோடு செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். யார் யாருக்குக் கடன்பட்டவர்கள் என்கிற கணக்கு இந்தக் கரையில் சுலபமானதில்லை.

*

இரண்டாம் நாள் சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் ஏறியதும் ஊரே மாறியது. ரெண்டு பக்கமும் பச்சை. குறுவை அறுவடை சில இடங்களில் ஆரம்பித்திருந்தது. சாலையில் பாதியை அடைத்து நெல் காயப் போட்டிருந்தார்கள். சைக்கிள்காரனுக்குக் கிடைக்கிற அந்த ஓரமும் போய்விட்டது. நெல்லில் டயர் ஏறாமல் ஓட்டுவதே பெரிய வேலை. ஒரு பெரியவர் கையில் காலால் தள்ளும் பலகையோடு, “ஏறினா ஏறிட்டுப் போ தம்பி, நெல்லுக்கு ஒண்ணும் ஆவாது” என்றார். ஆனாலும் மனசு வரவில்லை.

சீர்காழிக்குப் பிறகுதான் அவர்களைப் பிடித்தேன். காவி வேட்டி, காவிச் சேலை, காவி டீஷர்ட். கையால் இழுக்கும் சின்னச் சப்பரத்தில் மாதா சொரூபம், சுற்றி சீரியல் பல்பு, பேட்டரியில் ஓடும் ஒலிபெருக்கி. “மரியே வாழ்க!” என்று ஒருவர் கத்த மற்றவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள். சென்னையிலிருந்து கிளம்பிப் பத்தாவது நாளை நெருங்கியவர்கள். நான் இரண்டாம் நாள் மதியம் அவர்களை முந்திப் போகிறேன். மணி அடித்தேன், ஒதுங்கி வழிவிட்டார்கள். சிலர் கைகாட்டினார்கள். ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக நானும் கைகாட்டினேன். ஒவ்வொரு கூட்டத்தையும் தாண்டும்போது, வரிசையில் நிற்காமல் முன்னால் போய் டிக்கெட் வாங்கியவன் மாதிரி இருந்தது.

தரங்கம்பாடிக்கு நாலு மணிக்கெல்லாம் போய்விட்டேன். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் வந்த ஊர். கோட்டை, கடல் அரித்த மாசிலாமணிநாதர் கோயில், ராஜ வீதியில் புது எருசலேம் தேவாலயம். அதன் முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக்கின் முத்திரையெழுத்தும் கிரீடமும், 1718 என்ற ஆண்டும். உள்ளே பலிபீடத்துக்கு முன்னால் சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1706 ஜூலை 9 அன்று இங்கே வந்து இறங்கினார். குழந்தைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். 1715இல் இதே ஊர் அச்சகத்தில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். இறந்தபோது வயது 36. என்னைவிட ஒரு வயது அதிகம்.

அன்று அந்தத் தேவாலயத்தில் என்னைத் தவிர இரண்டு பேர்தான் இருந்தார்கள். வெளியே நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கானவர்கள் போய்க்கொண்டிருக்க, இங்கே ராஜ வீதியில் நாய் தூங்குகிறது. காரணம் எளிது. இது லுத்தரன் சபையின் தேவாலயம். லூதர் 1517இல் எழுப்பிய சண்டையே இந்தக் கணக்கு வழக்கைப் பற்றியதுதான். காசு கொடுத்துப் பாவமன்னிப்புச் சீட்டு வாங்குவதை எதிர்த்தார். புண்ணியம் சேரும் என்று திருத்தலங்களுக்கு நடப்பதையும் எதிர்த்தார். மீட்பு என்பது மனிதன் செய்கிற எதனாலும் சம்பாதிக்கக் கூடியதில்லை, இலவசமாகக் கொடுக்கப்பட்டது, விசுவாசித்தால் போதும் என்பது அவர் கட்சி. அதாவது கடன் ஏற்கெனவே அடைக்கப்பட்டுவிட்டது. நீ வேறு எதற்கு நடக்கிறாய்?

மர பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தபோது இந்தக் கட்சி எனக்கு ரொம்ப வசதியாக இருந்தது. அப்பாவும் கிட்டத்தட்ட இதைத்தானே சொன்னார். அம்மாவிடம் போன் பண்ணிச் சொல்லலாமா என்று நினைத்தேன். மஞ்சள் துணியை முடிந்தவளிடம் லூதரை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

*

மூன்றாம் நாள் காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். நாற்பத்தைந்து கிலோமீட்டர்தான், எட்டரைக்குள் போய்விடலாம். ஊரைத் தாண்டி ஒரு கிலோமீட்டர்கூட ஆகியிருக்காது. மைல்கல் மேல் ஒரு அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். காவிச் சேலை, பாதத்தில் துணி சுற்றியிருந்தது. பக்கத்தில் ஜிப் பிய்ந்த ட்ராவல் பேக்.

“இன்னாக்கா, தனியா உக்காந்துருக்கீங்க?” என்று சென்னைக்காரனாகவே கேட்டேன்.

“குதிகால்ல கொப்புளம் ஒடைஞ்சிருச்சி தம்பி. எங்க ஆளுங்க முன்னாடி பூட்டாங்க. நான்தான் போகச் சொன்னேன். கார்க்கால்ல நிக்கிறேன்னு சொல்லிக்கிறாங்க.” வியாசர்பாடியிலிருந்து வருகிறார். இது பதினோராவது வருஷம்.

என்னிடம் முதலுதவிப் பை இருந்தது. டெட்டால் போட்டுத் துடைத்து பேண்டேஜ் ஒட்டினேன். “பின்னாடி உக்காருங்கக்கா, மெதுவா ஓட்டிட்டுப் போறேன்” என்றேன். என் கேரியரில் ஏற்கெனவே ரெண்டு பை தொங்கிக்கொண்டிருந்தது, ஆள் உட்கார முடியாது என்று எனக்கே தெரியும். அவருக்கும் தெரிந்தது. சிரித்தார்.

“அதெல்லாம் வேணாம். நடக்கத்தான வந்தேன். இந்தப் பைய மட்டும் எடுத்துனு போறியா? கார்க்கால் வரைக்கும்.”

பையை மேலே வைத்து ரப்பர் கயிற்றால் கட்டினேன். அப்புறம்தான் சிக்கல் புரிந்தது. பையை எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டால் காரைக்காலில் அவரை எங்கே தேடுவது? அவரிடம் போன் இல்லை, அது கூட்டத்தில் இன்னொருவர் கையில். கூடவே ஓட்டிப் போகலாம் என்று பார்த்தால் அவர் நடக்கிற வேகத்துக்குச் சைக்கிள் ஓட்ட முடியாது. ஹேண்டில் ஆடுகிறது, விழுந்துவிடுவேன். இறங்கித் தள்ளத் தொடங்கினேன். காரைக்காலுக்குப் பதினான்கு கிலோமீட்டர்.

சைக்கிள் ஷூவோடு நடப்பது மாதிரி முட்டாள்தனம் வேறில்லை. அடியில் இரும்புக் கிளீட். ஒரு கிலோமீட்டரில் கழற்றிப் பையில் வைத்துவிட்டு ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டேன். பெடல் அடிக்கடி கெண்டைக்காலில் இடித்தது. சைக்கிளை இவ்வளவு தூரம் நான் தள்ளியதே இல்லை. அது ஒரு நல்ல வண்டி என்கிற எண்ணமே எனக்குப் போய்விட்டது. அவர் முதலில் ஒன்றும் பேசவில்லை. ஜெபமாலையை விரலில் உருட்டிக்கொண்டு வந்தார். ஒரு ஊரில் இளைஞர்கள் பந்தல் போட்டு மோர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பந்தல் பேனரில் பிள்ளையார் படம். ரெண்டு டம்ளர் குடித்தபிறகு அவரே ஆரம்பித்தார்.

“நீ எதுக்குத் தம்பி போற? வேண்டுதலா?”

அம்மா கதையைச் சொன்னேன். மஞ்சள் துணி வரைக்கும் சொன்னேன். “அம்மாவால நடக்க முடியாது. அதான் நான் போயி முடிச்சிட்டு வந்துரலாம்னு.”

“அம்மா போகச் சொன்னாங்களா?”

“இல்ல. நானாத்தான்.”

“ம்” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

“நீங்க எதுக்குக்கா?” என்றேன்.

“என் புள்ளைக்கு. குடிச்சினே இருந்தான். வேலைக்குப் போவ மாட்டான், வூட்ல இருக்குற சாமானெல்லாம் தூக்கினு பூடுவான். இவன் குடிய நிறுத்துனா வருசா வருசம் நடந்து வரேன்னு வேண்டிக்கினேன். நிறுத்திட்டான். கல்யாணம் ஆச்சி, ரெண்டு புள்ளைங்க. நல்லாக்கீறான்.” கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, “குடிய நிறுத்துனவன் அப்டியே எங்கூடப் பேசறதையும் நிறுத்திட்டான்” என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை.

“நீங்க நடக்கறது அவருக்குத் தெரியுமா?”

“அவனுக்கு எப்டித் தெரியும்?”

“சொல்லலாம்லக்கா. தெரிஞ்சா ஒருவேளை…”

நின்றுவிட்டார். கால் வலியால் நின்றாரா, என் பேச்சால் நின்றாரா தெரியாது. “தெரிஞ்சி இன்னா பண்ணப் போறான்? நான் அவன் கையிலயா வேண்டிக்கினேன்?”

திரும்பவும் நடக்க ஆரம்பித்தார். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ரேஷன் கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். நான் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போனேன். வீட்டில் அந்த முடிப்பைப் பார்க்கும்போதெல்லாம் அதில் என் பெயர் எழுதியிருப்பதாகத்தான் நினைத்திருக்கிறேன். அம்மாவின் முட்டியைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு குற்றவுணர்வு. அதைத் தீர்க்கத்தான் இந்த முந்நூறு கிலோமீட்டர். அம்மாவுக்காக என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நான் யாருக்கும் பாக்கி வைக்காத ஆளாகத் திரும்பி வர ஆசைப்பட்டிருக்கிறேன், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வராண்டாவில் நடந்த பேச்சு ரெண்டு பேருக்கு நடுவில் நடந்தது. நான் அப்போது உள்ளே மயக்கத்தில் கிடந்தேன்.

காரைக்கால் போய்ச் சேரப் பத்து மணி ஆகிவிட்டது. கூட்டத்தார் ஒரு மரத்தடியில் சப்பரத்தை நிறுத்திவிட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு இலை போட்டார்கள். பையை அவிழ்த்துக் கொடுத்தேன். “ராத்திரி நாகூர்ல படுத்துட்டு விடியக்காலைல மாதாகிட்டப் பூடுவோம். நீ கெளம்பு, வெயில் ஏறுது” என்றார் அக்கா. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அவரும் கேட்கவில்லை.

கிளம்பும்போது சைக்கிள் கணினியைப் பார்த்தேன். அன்றைய தூரம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவாகக் காட்டியது. மணிக்கு ஐந்து கிலோமீட்டருக்குக் கீழே போனால் நின்றுவிட்டதாகக் கணக்கு வைக்கும்படி அதை அமைத்திருக்கிறேன். சிக்னலில் நிற்பதெல்லாம் சராசரி வேகத்தைக் குறைத்துவிடக் கூடாதே. பதினான்கு கிலோமீட்டர் நடையையும் அது சிக்னலில் நின்றதாக எடுத்துக்கொண்டுவிட்டது. நின்ற நேரம்: நான்கு மணி பத்து நிமிடம்.

*

காரைக்கால் அம்மையாரின் ஊர் அது. கயிலாயத்தைக் காலால் மிதிக்கக் கூடாது என்று தலையாலேயே நடந்துபோனவர். ஈசன் அவரை அம்மையே என்று அழைத்தார் என்பது கதை. பேருந்து நிலையம் தாண்டும்போது அது நினைவுக்கு வந்தது. எப்படிப் போவது என்கிற கேள்வி இந்த வழியில் ரொம்பப் பழையது. நாகூர் தர்காவில் பெரிய மினாரா 131 அடி. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்தது. அங்கேயும் காவி உடையில் சிலர் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். மாதாவுக்கு நடக்கிறவர்கள் ஆண்டவர் வாசலில் இளைப்பாறுவதை யாரும் விசேஷமாகப் பார்க்கவில்லை.

நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணி பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். தலத்தின் மரபுக் கதைகளில் ஒன்று நடந்ததும் இதே வழியில்தான். மோர் விற்றுக்கொண்டிருந்த கால் ஊனமான ஒரு பையனிடம் மாதா தன் குழந்தைக்கு மோர் கேட்கிறார். பிறகு நாகப்பட்டினத்துக்குப் போய் ஒரு பெரியவரிடம் எனக்கு ஆலயம் கட்டச் சொல் என்கிறார். பையன் எழுந்து ஓடுகிறான். தன்னால் நடக்க முடியாது என்பதையே மறந்து ஓடியிருக்கிறான். அந்தக் கதையில் வேண்டுதலே இல்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். அவன் எதையும் கேட்கவில்லை. அவனிடம்தான் கேட்கப்பட்டது.

வேளாங்கண்ணியில் சைக்கிளை நிறுத்த இடமில்லை. அன்று ராத்திரி பெரிய தேர்பவனி. லாட்ஜ் வாசலில் கெஞ்சிப் பூட்டிவிட்டு நடந்தேன். இன்னொரு மரபுக் கதைப்படி, 17ஆம் நூற்றாண்டில் புயலில் தப்பிக் கரை சேர்ந்த போர்த்துகீசிய மாலுமிகள் நேர்ந்துகொண்டபடி இங்கே ஆலயம் எழுப்பினார்கள். 1962இல் போப் இருபத்து மூன்றாம் யோவான் இதைப் பேராலயமாக உயர்த்தினார். மாதா குளத்திலிருந்து வருகிற மணல் பாதையில் பெண்கள் முழங்காலால் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு முன்னால் அவள் புருஷன் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு பின்புறமாகவே நடந்தான், அவள் நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் குழந்தை தெரியும்படி.

அந்தத் தெரு கடலில் போய் முடிகிறது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கடல் ஏறி வந்தபோது இந்தக் கரை முழுக்க நிறைந்திருந்தவர்களில் பெரும்பாலோர் வெளியூர் யாத்ரீகர்கள். அவர்களும் வேண்டிக்கொண்டு வந்தவர்கள்தான். சிலர் நேர்த்திக்கடனை முடித்துவிட்டு, அப்படியே கடலில் கால் நனைக்கப் போனவர்களாக இருந்திருப்பார்கள். அதற்கு ஈடு சொல்லக்கூடிய கணக்கு எந்தக் கோயிலிலும் இல்லை. நான் மணலில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஐம்பது ரூபாய்க்கு மெழுகுத்திரி வாங்கி ஏற்றினேன். காற்றில் முதல் ரெண்டும் அணைந்து, பக்கத்தில் இருந்தவர் தன் திரியில் பிடித்துக் கொடுத்தார்.

அம்மாவுக்கு போன் பண்ணினேன். ஒலிபெருக்கிச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. திரி ஏற்றியாச்சு என்றேன். வழியில் பதினான்கு கிலோமீட்டர் நடந்ததையும் சொன்னேன். அந்த அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். புள்ளை பேசுவதில்லை என்பதைச் சொல்லவில்லை.

“அவங்க கால் எப்படி இருக்காம்?” என்றாள்.

“தெரியல. நாளைக்கு வந்துருவாங்க.” அப்புறம் கேட்டேன். “முட்டி நல்லா இருந்தப்பவே நீ நடந்திருக்கலாம்லம்மா. அப்பா போயி பன்னெண்டு வருசம் ஆச்சு. யாரு தடுத்தா?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“நடந்து முடிச்சிட்டா முடிஞ்சிருமேடா” என்றாள். “அப்பறம் உனக்கு ஏதாச்சும்னா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போயி நிக்கிறது? பாக்கி இருக்குற வரைக்கும் அவங்களும் என்னை மறக்க மாட்டாங்க, நானும் மறக்க மாட்டேன்.”

முப்பத்தொரு வருடம் அதை அவளால் கட்ட முடியாமல் போன கடன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எத்தனை பரீட்சை, எத்தனை இன்டர்வியூ, ஒரு பைக் விபத்து, கொரோனாவில் பத்து நாள் ஆஸ்பத்திரி. ஒவ்வொரு தடவையும் அவள் மாடத்தின் முன் நின்றது நினைவுக்கு வந்தது.

“வேற ஒண்ணும் இல்லயே? போன வச்சிரவா? சீரியல் ஓடுது” என்றாள்.

*

அடுத்த மாதம் விருத்தாசலம் போயிருந்தேன். அதற்குள் அந்தப் பயணத்தை ஆப்பில் ஏற்றியிருந்தேன். நண்பர்கள் கைதட்டல் சின்னம் போட்டிருந்தார்கள். ஒருவன் மட்டும், “மூணாவது நாள் என்னடா நாலு மணி நேரம் நின்னுருக்க, பஞ்சரா?” என்று கேட்டிருந்தான். ஆமாம் என்று எழுதிவிட்டேன்.

அம்மா அடுப்படியில் இருந்தபோது மாடத்தைப் பார்த்தேன். முருகன் படத்துக்குப் பின்னால் அது அப்படியேதான் இருந்தது. துணி மட்டும் புதிது. பழையது எப்போதோ வெளுத்துப் போயிருந்தது. இது பளிச்சென்ற மஞ்சள், ஓரத்தில் மஞ்சள்தூள் இன்னும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

தொடவில்லை. அம்மா உள்ளேயிருந்து தோசை ஆறுகிறது என்று கூப்பிட்டாள்.